குறை இருந்தால் சொல்லவும்

பலகையை மாட்டிய மறுநாள் காலையிலேயே ஒருவர் வாசலில் நின்று குரைத்தார்.

சென்னகிருஷ்ணன் கல்லாவை விட்டு எழுந்து வெளியே ஓடினார். குரைத்தது நாய் அல்ல, பள்ளிக்கூடத்துத் தமிழய்யா. கக்கத்தில் குடை, நெற்றியில் பட்டை, முகத்தில் கடமையை முடித்துவிட்ட நிம்மதி.

"என்னாங்கய்யா இது, காலங்காத்தால?"

"நீர்தானே ஐயா கேட்டிருக்கிறீர்!" தமிழய்யா குடைநுனியால் பலகையைத் தட்டினார். "'குரை இருந்தால் எங்களிடம் சொல்லவும்.' ஏதோ என்னால் முடிந்ததைச் சொன்னேன்."

"கொறைன்னா… ஏதாச்சும் தப்பு, நொட்டை இருந்தா சொல்லச் சொல்லி…"

"அந்தக் குறைக்கு வல்லின றகரம். நீர் போட்டிருப்பது இடையின ரகரம். இது நாயின் தொழில்."

சொல்லிவிட்டு ஐயா நடையைக் கட்டினார். எதிர்ப்பக்கம் நூருல்லா பாயின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சென்னகிருஷ்ணனுக்கு அழுகை வராத குறைதான். கிருஷ்ணகிரியில், தாலுகா கச்சேரிக்குப் போகிற ரோட்டில், இடம் பார்த்து அவர் காபி கிளப் ஆரம்பித்திருந்தார். பெங்களூரில் பட்டாளம் தங்கும் தண்டுப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலில் பல வருஷம் பரிமாறி, சாம்பார் வைக்கும் சூட்சுமம் எல்லாம் கற்றுக்கொண்டு வந்தவர். சமையலுக்கு மனைவி ருக்மணி. முன்னால் மேஜையும் பெஞ்சும் போட்ட சின்ன அறை, உள்ளே இலை போடும் கூடம், அதற்கும் பின்னால் அடுப்படி. எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. ஆள்தான் வரவில்லை.

சிங்காரப்பேட்டையில் இருந்த மாமனார் முனிவேலுக்கு மட்டும் இதில் ரகசியமாக ஒரு சந்தோஷம். அவருக்குப் பெரிய புளியந்தோப்பு. காவலுக்கு நம்பகமான ஆள் தேவை. "பங்குனி முடிய பாக்கறேன் மாப்ள. கடை ஓடலன்னா பேசாம மூட்டையக் கட்டிகினு நம்மூட்டுக்கு வந்துடணும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். வீட்டோடு மாப்பிள்ளை! மச்சான்மார் மூன்று பேரும் திம்மென்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு, "மாமா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா?" என்று கேட்கும் காட்சி சென்னகிருஷ்ணனின் கனவில்கூட வந்தது. அதற்குச் சாவே மேல் என்று அவர் நினைத்தார்.

கிளப் திறந்த அன்று சொந்தபந்தங்களுக்கெல்லாம் இலை போட்டார். எல்லோரும் மூக்கு முட்டச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, "ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிப் போனார்கள். அதற்குப் பிறகு ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. கச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லாம் எதிரே பாய் கடையில் டீ குடித்து, பொறை ரொட்டி தின்று பசியாறிப் போனார்கள்.

சென்னகிருஷ்ணன் யோசித்தார். நம் ஊரில் 'ஒரு குறையும் இல்லை' என்பதற்கு என்ன அர்த்தம்? காய்ச்சலில் கிடக்கிறவனைப் போய்ப் பார்த்து "எப்டி இருக்கற?" என்றால், போர்வைக்குள்ளிருந்து, "ஒரு கொறையும் இல்ல" என்பான். மருமகள் சோறு போடாமல் இரண்டு வேளை பட்டினி கிடக்கிறவரும் அதையேதான் சொல்வார். குறை தலைக்கு மேல் போன பிறகு சொல்லும் வார்த்தை அது. ஆக, சொந்தக்காரர்கள் எதையோ மறைத்திருக்கிறார்கள். சாம்பாரில் பெரிதாக ஏதோ ஒரு குறை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கடை ஓடிவிடும்.

பெங்களூர் ஓட்டலில் கன்னடத்தில் ஒரு பலகை இருந்தது நினைவுக்கு வந்தது. அதையே தமிழில் எழுதச் சொல்லிச் சம்பங்கியிடம் கொடுத்தார். சம்பங்கி மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் பெயர் எழுதுகிறவன். படித்தது கன்னடம், பேசுவது தெலுங்கு, பிழைப்பு தமிழில்.

இப்போது அவனை இழுத்துவந்து பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஏன்டா, ஊரே வந்து கொரைக்குதே, இதுக்கு என்னா சொல்ற?"

சம்பங்கி பலகையை ஒரு கலைஞனின் வருத்தத்தோடு பார்த்தான். "கன்னடத்துல ஒரே ர தான் அண்ணே. அத வெச்சே அவங்க மைசூர் ராஜ்ஜியத்தையே நடத்திகினு இருக்காங்க. உங்களுக்கு எதுக்கு ரெண்டு?"

"பேசாத. மாத்து."

மாற்றினான். பெரிய ற, பெயருக்கு ஏற்றபடி எல்லா எழுத்தையும்விடப் பெரியதாகவே வந்தது. 'குறை இருந்தால் எங்களிடம் சொல்லவும்.' தமிழய்யா அந்தப் பக்கமாகப் போகும்போது நிமிர்ந்து பார்த்து, குரைக்காமல் போனார்.

அன்று மத்தியானம் முதல் ஆள் உள்ளே நுழைந்தார். பேரிகைப் பக்கத்து விவசாயி. தலையில் முண்டாசு, காலில் ஒரு சாண் புழுதி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க வாங்க! உக்காருங்க! பேரு?"

"ராமப்பனுங்க சாமி." பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் படும்படி உட்கார்ந்தார். "கொறை இருந்தா சொல்லலாமுங்களா?"

சென்னகிருஷ்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்! மொதல்ல சாப்புடுங்க. அப்பறம் எத்தன கொறை வேணும்னாலும் சொல்லுங்க."

"ஐயய்யோ, சோத்துக்கு ஆசப்பட்டு வரலீங்க சாமி. எனக்கு ஞாயம்தான் வேணும். பக்கத்து நெலத்துக்காரன் எல்லக் கல்ல என் பக்கமா நட்டுட்டானுங்க."

சென்னகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வந்த ஒரே ஆளை விரட்ட மனசு வரவில்லை. மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பசி எடுக்கும், சாப்பிடுவார் என்று காத்திருந்தார். எல்லைக் கல் நகர்ந்த கதை, அதற்கு முன்னால் அப்பன் காலத்தில் நகர்ந்த கதை, பாட்டன் காலத்தில் நகராமல் இருந்த கதை எல்லாம் முடிந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ராமப்பன் முகம் மலர்ந்துவிட்டது. கும்பிட்டார். எழுந்து, நேரே பாய் கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தார். மறுநாள் தன் ஊரிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நாட்டில் அப்போதுதான் ஓட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள். குறை கேட்பது என்பது ஒரு புது நாகரிகமாகப் பரவியிருந்தது. மந்திரி வந்தால் குறை கேட்டார். தோற்றுப்போனவர் வந்தாலும் குறை கேட்டார். கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லையே தவிர, ஜனங்களுக்குக் குறை சொல்வதில் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது. சென்னகிருஷ்ணனின் பெஞ்சில் உட்கார இடமில்லாமல் போயிற்று. கிணறு வற்றின குறை, வாத்தியார் வராத குறை, தாலி கட்டின புருஷன் பேசாத குறை, பேசுகிற குறை. ஒரு கிழவர் தினமும் வந்து மௌனமாக உட்கார்ந்துவிட்டுப் போனார். விசாரித்தால், "எல்லாருக்கும் சொல்ல ஒண்ணு இருக்குது. எனக்கு ஒண்ணும் இல்லியேன்னு ஒரே கொறையா இருக்குதுபா" என்று கண் கலங்கினார்.

ஒவ்வொருவரிடமும் சென்னகிருஷ்ணன், "சாப்புடறீங்களா?" என்று கெஞ்சினார். ஒவ்வொருவரும், "நீங்க கேட்டதே போதும் சாமி, வயிறு ரொம்பிடுச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் பாய் கடைக்குப் போனார்கள். நூருல்லா பாய் வாசலில் புதிதாக ஒரு பெஞ்ச் போட்டார். ஒரு சாயங்காலம் ரோட்டைக் கடந்து வந்து, சென்னகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என்னா வந்தாலும் இந்தப் பலகைய மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்.

அதைக் கேட்டதும் சென்னகிருஷ்ணனுக்கு நெருப்பை மிதித்த மாதிரி ஆகிவிட்டது. அன்றே தமிழய்யா வீட்டுக்குப் போனார்.

"ஐயா, கொறைங்கற வார்த்தையே சரியில்லீங்க. உள்ளத உள்ளபடி சொல்ற மாதிரி வேற வார்த்தை குடுங்க."

தமிழய்யா கண்ணை மூடிக்கொண்டார். "குற்றம் என்று போடலாம். ஆனால் போலீஸ்காரர் வருவார். ஊனம் என்றால் மனசு புண்படும். மாசு என்றால் உம்முடைய அடுப்படியைச் சந்தேகப்படுவார்கள். பழுது என்று போடும். பழுதில்லாத சொல்."

'பழுது இருந்தால் எங்களிடம் சொல்லவும்.' சம்பங்கி புது வார்த்தைக்குப் புதுச் சாயம் அடித்தான். விடிந்து கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பெட்ரோமாக்ஸ் லைட் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் அதன் சொந்தக்காரர். அவருக்குப் பின்னால் செயின் அறுந்த ஒரு சைக்கிள், கம்பி ஒடிந்த ஒரு குடை, சுவர்க் கடிகாரம் ஒன்று, நொண்டுகிற ஒரு காளை.

"எங்க பழுதுன்னு பாத்து சொல்லுங்க சாமி" என்றார் பெட்ரோமாக்ஸ்காரர்.

இங்கேதான் சென்னகிருஷ்ணன் ஒரு தப்புச் செய்தார். பெங்களூர் ஓட்டலில் தினமும் பெட்ரோமாக்ஸ் ஏற்றிய கை சும்மா இருக்கவில்லை. அடைப்பு நீக்கும் முள்ளால் ஒரு குத்து, இரண்டு ஊது. லைட் பிரமாதமாக எரிந்தது. சேதி மத்தியானத்துக்குள் காவேரிப்பட்டணம் வரைக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் முழுவதும் கூடத்தில் இலை போட வேண்டிய இடத்தில் சைக்கிள்கள் படுத்திருந்தன. ராமப்பன் மட்டும் எதையும் கொண்டுவராமல், வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்து, "எல்லக் கல்லும் பழுதுதானுங்களே சாமி?" என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

ருக்மணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். தினமும் ஆக்கிய சாம்பாரைத் தினமும் அவளும் புருஷனுமே குடித்துக் குடித்து, அவளுக்குச் சாம்பார் என்ற பேச்சே பிடிக்காமல் போயிருந்தது.

"ஏங்க, நீங்க என்னா சைக்கிள் கடையா வெச்சிருக்கீங்க? நாம விக்கறது சாப்பாடு. பழையபடி கொறைன்னே போட்டு, முன்னால 'சாப்பாட்டில்'னு ஒரு வார்த்தை சேத்துடுங்க. அப்பறம் எவன் எல்லக் கல்ல தூக்கிகினு வருவான்?"

சென்னகிருஷ்ணன் மனைவியை ஆச்சரியத்தோடு பார்த்தார். எவ்வளவு சுலபம்! இத்தனை நாளாக இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். பங்குனி நடந்துகொண்டிருந்தது. மாமனார் எந்த நேரமும் வந்து நிற்பார். சம்பங்கி மறுபடியும் வந்தான். 'சாப்பாட்டில் குறை இருந்தால் எங்களிடம் சொல்லவும்.'

எல்லைக் கல் வழக்குகள் நின்றன; ராமப்பன் மட்டும் ஓரத்து இடத்தை விடவில்லை. சைக்கிள்கள் போயின. அவற்றின் இடத்துக்குக் கெம்பம்மா வந்தாள்.

கெம்பம்மா கன்னடக்காரி, சூளகிரிப் பக்கம் வாக்கப்பட்டவள். மூடி போட்ட மண்சட்டி ஒன்றை மேஜை மேல் 'டொக்'கென்று வைத்தாள்.

"நோடு சாமி. நீயே பாரு. இது களியா? என் மருமக கிண்டனது. கட்டி கட்டியா, ஒவ்வொண்ணும் ஒரு கோலிகுண்டு. வாயில போட்டுப் பாத்துட்டு ஞாயம் சொல்லு."

"அம்மா, நான் கேட்டது எங்க சாப்பாட்ட…"

"அட, எங்க சாப்பாட்டுக்கு ஞாயம் கெடையாதா? தின்னு பாரு!"

தின்று பார்த்தார். கட்டிதான். மறுநாள் அந்த மருமகள் வந்தாள். அவளும் ஒரு சட்டி கொண்டுவந்தாள். அது மாமியார் வைத்த குழம்பு. அதையும் தின்று பார்த்தார். அது மருமகள் களியைவிட மோசம். இரண்டு பேருக்கும் நடுவில் நியாயம் சொல்ல முடியாமல், "பாக்கலாம்" என்றார். ரேஷன் ஒழிந்து அதிக காலம் ஆகவில்லை. சாப்பாட்டுக் குறையைச் சட்டியோடு கொண்டுபோய்க் காட்டும் பழக்கம் ஜனங்களை இன்னும் விட்டபாடில்லை. புழுத்த அரிசி வந்தது. ஊசின குழம்பு வந்தது. ஊருக்குச் சோறு போட வந்த மனிதர் ஊர்ச் சோறு தின்று வயிறு கெட்டுப் படுத்தார். சொந்தச் சாம்பார் மட்டும் அடுப்பில் யாரும் தொடாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் முனிவேல் பஸ்ஸை விட்டு இறங்கினார். தோளில் காலிச் சாக்குகள், கையில் ஒரு கட்டு சணல் கயிறு. மகள் வீட்டுச் சாமான்களைக் கட்டுவதற்கு ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ரோட்டில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கடை வாசலில் நிற்க இடமில்லாத கூட்டம். உள்ளே போக முண்டியடிக்கிறார்கள். "எனக்கு மொதல்ல", "எனக்கு மொதல்ல" என்று சத்தம்.

முனிவேல் நல்ல மனிதர். புளியந்தோப்பு விஷயத்தில்தான் கொஞ்சம் சுயநலம். மாப்பிள்ளை ஜெயித்துவிட்டதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கயிற்றைச் சாக்குக்குள் ஒளித்தார். கூட்டத்தை விலக்கிப் போய்ச் சென்னகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டார்.

"மாப்ள! என்னா கூட்டம்! என்னா கூட்டம்! நான்தான் உங்கள தப்பா எட போட்டுட்டேன். ஊருக்குப் போயி உங்க மச்சானுங்க மூஞ்சில கரியப் பூசறேன் பாருங்க!"

சென்னகிருஷ்ணனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மாமனார் இதோடு ஊருக்குத் திரும்பிவிட்டால் போதும் என்று தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டார். ஆனால் முனிவேலுக்கு மாப்பிள்ளையின் புகழை நாலு பேர் வாயால் கேட்க ஆசை. பக்கத்தில் நின்ற கெம்பம்மாவைப் பார்த்து, பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, சாப்பாடு எப்டி?"

"அத ஏன் சாமி கேக்கற?" கெம்பம்மா கையை ஓங்கினாள். "களியா அது? எடுத்து செவுத்துல அடிச்சா செவுரு ஒடையும்!"

முனிவேலின் கை மீசையிலேயே நின்றது. அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "களியாச்சும் பரவால்ல பெரியவரே. அரிசியில புழு நெளியுது."

"எங்களுக்கு அதே ஊசின கொழம்பு. வாயில வெக்க முடியாது."

"ஆக்கறவளுக்கு உப்பு எது, சோடா எதுன்னே தெரியாதுங்க!"

கடைசியாகச் சொன்னவன் தன் பெண்டாட்டியைச் சொன்னான். ஆனால் அடுப்படியில் இருந்த ருக்மணியின் காதில் அந்த வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. கையில் சாம்பார் சொட்டும் கரண்டியோடு வெளியே பாய்ந்தாள்.

"யார்றா அது? எவன்டா என் சாம்பாருக்கு உப்பு தெரியாதுன்னது? முன்னால வாடா!"

முன்னால் யாரும் வரவில்லை. எல்லோரும் ஓரடி பின்னால்தான் போனார்கள். முனிவேல் சாக்குக்குள் கையை விட்டுக் கயிற்றை வெளியே எடுத்தார். "ருக்கு, பாத்திரத்த எல்லாம் எடுத்து வை. ஊர் சனத்துக்கு வெஷத்தப் போட்டு செயிலுக்குப் போறதுக்கு, என் தோப்புல காவல் இருக்கறது எவ்வளவோ மேலு."

"மாமா, நான் சொல்றத கொஞ்சம்…"

"வேணாம் மாப்ள. மாட்டுக்குத் தண்ணி காட்டத் தெரியுமில்ல? அது போதும்."

அந்த வார்த்தை சென்னகிருஷ்ணனைச் சுட்டுவிட்டது. பல வாரமாக அடக்கிவைத்த ஆத்திரம், அவமானம், அஜீரணம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்றார். அவருடைய குரல் உடைந்து, அழுகையாகவே கேட்டது.

"நில்லுங்க எல்லாரும்! உங்க எல்லக் கல்லு கதைய கேட்டேன். உங்க லைட்ட ரிப்பேர் பண்ணேன். உங்கூட்டு ஊசின கொழம்பையும் தின்னேன். இத்தன நாளா நானும் ஒவ்வொருத்தர் கால்ல விழாத கொறையா 'சாப்புடுங்க, சாப்புடுங்க'ன்னு கெஞ்சறேன். ஒருத்தராச்சும் உள்ள வந்து எல போட்டு உக்காந்தீங்களா? எதிர்ல பாய் கடையில போயி பொறைய தின்றீங்க! அப்படி என்னாதான் கொறை எங்கிட்ட? மறைக்காதீங்க. இன்னிக்கு சொல்லிட்டுத்தான் போவணும்!"

கெம்பம்மா சட்டியைக் கீழே இறக்கினாள். நூருல்லா பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

பெஞ்சின் ஓரத்திலிருந்து ராமப்பன் மெள்ள எழுந்தார். ருக்மணியின் கரண்டியைப் பார்த்தார். உள்ளே எட்டி, கூடத்தில் அடுக்கியிருந்த இலைக்கட்டைப் பார்த்தார். வெளியே போய், பலகையை முன்னும் பின்னும் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஏஞ்சாமி, அப்ப இது ஓட்டலுங்களா? நாலு வாட்டி பலகை எழுதனீங்களே, அதுல ஒரு வாட்டி 'இங்க சோறு கெடைக்கும்'னு எழுதியிருந்தா உங்களுக்கு என்னா கொறைஞ்சா போயிருக்கும்?"